பெண் பார்க்கப் போன லாரி

எங்கள் அத்தை பெண் பார்க்கக் கிளம்பினால் என்னையும் இழுத்துக்கொண்டு போவாள். எனக்கு அப்போது ஒன்பது வயது. பஜ்ஜி தின்று முடித்ததும் ஓடிப்போய் பெண்ணின் மடியில் உட்கார்ந்துகொண்டு, செல்லம் கொஞ்சுகிற சாக்கில் அவள் பின்னலை ஓர் இழுப்பு இழுத்துப் பார்க்க வேண்டும். அதுதான் என் வேலை. சவுரியா, சொந்த முடியா என்று பிறகு அத்தையிடம் சொல்ல வேண்டும். பெண் காலை விந்தி நடக்கிறாளா, பெற்றவளை எதிர்த்துப் பேசுகிறாளா, சமையல்கட்டில் யார் கை ஓங்கியிருக்கிறது என்பதெல்லாமும் என் இலாகாதான். போர்ட் பிளேரில் எங்கள் பேட்டையான டெய்ரி ஃபார்ம் முழுக்கத் தேடினாலும் இவளைப் போல ஒரு துப்பாள் கிடைக்காது என்று அத்தை சொல்வாள். நானும் அதை நம்பிக்கொண்டு தலைக்கனத்தோடுதான் திரிந்தேன்.

பெண் தேடியது சித்தப்பாவுக்கு. அப்பாவையும் சித்தப்பாவையும் வளர்த்து ஆளாக்கியது அத்தை என்பதால், எங்கள் வீட்டில் அவள் வேண்டாம் என்றால் வேண்டாம்தான், அப்பீல் கிடையாது. சித்தப்பாவுக்கு முன்நெற்றி ஏற ஆரம்பித்திருந்தது. அதைப் பற்றி அத்தைக்குக் கவலையும் இருந்தது, ஆனால் எந்தப் பெண்ணும் அவளுக்குப் பிடித்துத் தொலையவில்லை. ஒருத்தி குட்டை. ஒருத்தி சிரிக்கவே இல்லை. இன்னொருத்தி ரொம்பச் சிரித்துவிட்டாள். ஒவ்வொரு தடவையும் சித்தப்பா "சரிக்கா" என்று சொல்லிவிட்டு லாரியைக் கழுவப் போய்விடுவார். ஒரே வாரத்தில் இரண்டு பெண்களைத் தள்ளினால் லாரி இரண்டு முறை கழுவப்படும். அந்த வருடம் எங்கள் லாரி அநியாயத்துக்குப் பளபளப்பாக இருந்தது.

வேண்டாம் என்று சொல்வதிலும் ஒரு முறை இருந்தது. பெண் வீட்டில் உட்கார்ந்துகொண்டே பிடிக்கவில்லை என்று யாரும் சொல்வதில்லை. "வீட்டுக்குப் போய்ச் சொல்லி அனுப்புறோம்" என்று எழுந்துகொள்ள வேண்டும். பிறகு ஊருக்கு வந்து, குளித்து, சாப்பிட்டு, சாவகாசமாகப் போன் போட்டு ஜாதகத்தின் மேலோ கிழமையின் மேலோ பழியைப் போட வேண்டும். அவர்கள் காப்பியைக் குடித்துவிட்டு அவர்கள் நாற்காலியிலேயே உட்கார்ந்து முகத்தில் அடித்த மாதிரி சொல்வது மனுஷத்தனம் இல்லை என்பது அத்தையின் கட்சி. இதில் அவள் ரொம்பக் கறார்.

வடக்கே ரங்கத் என்ற ஊரில் ஒரு பெண் இருக்கிறது என்று தகவல் வந்தது. சித்தப்பா கப்பலில் வந்து இறங்கும் சாமான்களை ஏற்றிக்கொண்டு ரங்கத், திக்லிபூர் என்று ஓட்டுகிறவர். அத்தைக்கு பஸ் ஆகாது. பஸ்ஸில் ஏற்றினால், காட்டுக்குள் வண்டிகளைக் குறித்த நேரத்துக்குக் கூட்டமாக விடுகிற கான்வாய் கேட் வருவதற்கு முன்பே வாந்தி எடுத்துவிடுவாள். லாரியின் உயரமான முன்சீட்டில் உட்கார வைத்தால் மட்டும் காடு, வளைவு, லாரியைப் படகில் ஏற்றுகிற ஜெட்டி எல்லாவற்றையும் மகாராணி போலப் பார்த்துக்கொண்டு வருவாள். எனவே பெண் பார்க்கவும் லாரிதான். பின்னால் முழுக்க பிளாஸ்டிக் நாற்காலி லோடு, முன்னால் சித்தப்பா, அத்தை, நான், என் மடியில் பழத்தட்டு. முதல் நாள் லோடை இறக்கிவிட்டு, தெரிந்தவர் வீட்டில் தங்கி, மறுநாள் காலை நல்ல நேரம் பார்த்துப் போனோம்.

அந்த லாரியிடம் எனக்குத் தனிப் பிரியம் இருந்தது. சாவியைத் திருப்பினால், இன்ஜின் பிடிப்பதற்கு முன்னால், டேங்க் பக்கத்திலிருந்து 'ம்ம்ம்' என்று ஒரு முனகல் கேட்கும். டீசலை டேங்கிலிருந்து இழுத்து இன்ஜினுக்குத் தள்ளுகிற கரண்ட் பம்ப் அது. எனக்கென்னவோ உள்ளே ஏதோ பிராணி குடியிருப்பதாகவும், கிளம்புமுன் அது தயாராகிக்கொள்வதாகவும் தோன்றும். நானும் கூடவே 'ம்ம்ம்' என்பேன். அப்புறம்தான் சித்தப்பா செல்ஃப் அடிப்பார்.

பெண்ணின் அப்பாவுக்கு பஜாரில் பேட்டரிக் கடை. கடைக்குப் பின்னாலேயே வீடு, நடுவில் லாரி நிற்கிற அளவுக்கு முற்றம். கேசரி நன்றாக இருந்தது. காப்பித் தட்டோடு வந்த அந்த அக்கா தட்டைக் கீழே வைப்பதற்குள் கடைப் பக்கத்திலிருந்து யாரோ கூப்பிட்டார்கள். அவள் நின்ற இடத்திலிருந்தே, "அரே பாய், அபீ சார்ஜ் நஹீ ஹுவா, ஷாம் கோ ஆவோ" என்று, இன்னும் சார்ஜ் ஏறவில்லை, சாயங்காலம் வா என்று கணீரென்று ஒரு குரல் கொடுத்துவிட்டு, பிறகு தலையைக் குனிந்து வெட்கப்பட்டாள். வெட்கம் முதலில் வந்திருக்க வேண்டும், வரிசை மாறிப்போய்விட்டது. அத்தையின் முகம் கடையை மூடுகிற ஷட்டர் போல இறங்கியது. சித்தப்பாவோ சிரித்துவிட்டார். எந்தப் பெண் வீட்டிலும் அவர் பல்லைக் காட்டி நான் பார்த்ததில்லை.

நான் என் கடமையைச் செய்தேன். பின்னலை இழுத்தேன், கொஞ்சம் பலமாகவே. அந்த அக்கா வலியைக் காட்டிக்கொள்ளாமல், என் பின்னலைப் பிடித்து அதே பலத்தோடு ஓர் இழுப்பு இழுத்துவிட்டு, "உன்னதும் நெஜந்தான்" என்று காதோடு சொன்னாள். அந்த நிமிடமே நான் கட்சி மாறிவிட்டேன். ஆனால் ஒன்பது வயதுக்காரியின் ஓட்டை யார் எண்ணுகிறார்கள்?

அத்தை எழுந்தாள். "வீட்டுக்குப் போய்ச் சொல்லி அனுப்புறோம் அண்ணே" என்றாள். பேட்டரிக்கடைக்காரருக்கு அதன் அர்த்தம் தெரியாதா என்ன, அவர் முகம் சுருங்கிப்போனது. சித்தப்பா அத்தையை ஒரு பார்வை பார்த்தார். "டயரைப் பாத்துட்டு வந்துடறேன்கா" என்று முன்னாலேயே வெளியே போனார். நான் கேசரிக் கையைக் கழுவ முற்றத்துக் குழாய்க்குப் போனபோது அவர் லாரிக்கு அடியில் மல்லாந்து படுத்திருந்தார். கையில் ஸ்பேனர். என்னைப் பார்த்ததும், டீசல் ஒழுகுகிறதா என்று பார்த்ததாகச் சொல்லிக்கொண்டு சட்டையைத் தட்டியபடி வெளியே வந்தார்.

எல்லோரும் ஏறி உட்கார்ந்தோம். சித்தப்பா சாவியைத் திருப்பினார். நான் 'ம்ம்ம்' என்றேன். நான் மட்டும்தான் சொன்னேன். டேங்க் பக்கத்திலிருந்து ஒரு சத்தமும் இல்லை. செல்ஃப் அடித்தார். இன்ஜின் கர்கர்ரென்று சுற்றியது, பிடிக்கவில்லை. மறுபடி அடித்தார். ஊஹூம். பம்புக்கு என்னவோ ஆகிவிட்டது என்று முதலில் சொன்னவள் நான்தான், சித்தப்பா அப்படியே தலையை ஆட்டினார்.

பேட்டரிக்கடைக்காரருக்கு அதுவரை சுருங்கிக் கிடந்த முகம் விரிந்தது. அவருக்குக் கரண்ட் கோளாறு என்றால் திருவிழா மாதிரி. வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு டெஸ்ட் லேம்ப்போடு வந்துவிட்டார். முதலில் ஃபியூஸ். அது நன்றாகத்தான் இருந்தது. அடுத்து பம்ப்புக்குக் கரண்ட் திறந்துவிடுகிற ரிலே. அதைப் பிடுங்கி ஹாரனின் ரிலே இருக்கும் இடத்தில் செருகி ஹாரனை அடித்தார். பஜாரே திரும்பிப் பார்த்தது. அப்படியானால் ரிலேவும் நல்ல ரிலேதான். பக்கத்துக் கடை வங்காளி, டீக்கடை மலையாளி, திக்லிபூருக்குப் போகிற வழியில் நின்ற தெலுங்கு டிரைவர் என்று முற்றத்தில் ஆட்கள் சேர்ந்தார்கள். எல்லோரும் இந்தியில் ஆளுக்கொரு வைத்தியம் சொன்னார்கள். ஃபில்டரில் தண்ணீர் என்றார் ஒருவர், ஏர் பிடித்துக்கொண்டது என்றார் இன்னொருவர். இதற்குள் கான்வாய்க்குப் போய்ச் சேரும் நேரம் தாண்டிவிட்டது. அன்றைக்கு இனி கேட் திறக்காது. தெரிந்தவர் வீட்டுக்குப் போகிறோம் என்றால் பேட்டரிக்கடைக்காரர் விடவில்லை, வேறு வழியில்லாமல் பெண் வீட்டிலேயே தங்க வேண்டியதாயிற்று.

சாயங்காலம் அத்தை எனக்குத் தலை வாரிவிட்டபோது அறிக்கை கொடுத்தேன். முடி சொந்த முடி. கால் இரண்டும் நேராக இருக்கின்றன. அம்மாவிடம் மெதுவாகத்தான் பேசுகிறாள், கடை ஆட்களிடம் மட்டும் சத்தமாக. கடைசியாக, துப்பாள் என்ற முறையில் எதையும் விடக்கூடாதென்று, சித்தப்பா ஸ்பேனரோடு லாரிக்கு அடியில் படுத்திருந்ததையும் சொன்னேன். சீப்பு நின்றது.

"எப்போ?"

"நீங்க உள்ள போயிட்டு வரோம்னு சொல்லிட்டிருந்தீங்கல்ல, அப்போ."

"எந்தப் பக்கம்?"

டேங்க் பக்கம் என்றேன். அத்தை என் தலையை முன்னால் தள்ளி, வழக்கத்தைவிட இறுக்கமாகப் பின்னிவிட்டாள்.

மறுநாள் காலை பேட்டரிக்கடைக்காரர் முடிவு சொன்னார். டெஸ்ட் லேம்ப்பின் கறுப்புக் கிளிப்பை பேட்டரியின் மைனஸில் மாட்டினார், ஊசியை பம்புக்குப் போகிற ஒயரில் குத்தினார். விளக்கு ஜம்மென்று எரிந்தது. கரண்ட் பம்ப் வரைக்கும் வருகிறது, பம்ப் ஓடவில்லை, ஆகவே பம்ப் போய்விட்டது. வைத்தியர் நாடியைப் பிடித்துவிட்டுக் கையை உதறுவது போல லேம்ப்பைச் சுருட்டினார். போர்ட் பிளேருக்குப் போன் போட்டார். அங்கே இல்லை. மெயின்லேண்டிலிருந்து அடுத்த கப்பலில்தான் வர வேண்டும், கப்பல் எப்போது என்று கப்பலுக்கே தெரியாது. நான் தேம்பித் தேம்பி அழுதேன். பஜார் முனையில் இருந்த முருகனுக்கு என் புதுக் கொலுசில் ஒன்றைத் தருவதாக வேண்டிக்கொண்டேன், இரண்டையும் தர மனசு வரவில்லை.

அதிசயம் என்னவென்றால் அத்தை குதிக்கவில்லை. பால்காரன் கொஞ்சம் தாமதித்தால்கூட தெருவையே எழுப்புகிறவள், அடுத்த கப்பல் என்றதும் "அதுக்கென்ன, வரட்டும்" என்று சொல்லிவிட்டுக் கீரை ஆயப் போனாள். சித்தப்பா அவளையே பயத்தோடு பார்த்தார்.

மத்தியானம் பேட்டரிக்கடைக்காரர் சாப்பிட்டுத் தூங்கியதும், தனக்கும் ஒயரிங் தெரியும் என்று சொல்லிக்கொண்டு அந்த அக்கா லாரிக்கு அடியில் போனாள். சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு பாய் விரித்துப் படுத்தாள். டார்ச் பிடித்தது நான். பம்பைத் தொட்டாள், ஒயரைத் தொட்டுக்கொண்டே போனாள், சேஸிஸில் ஓரிடத்தில் கை நின்றது. அங்கேயே பார்த்துக்கொண்டு கிடந்தாள். பிறகு தோள் குலுங்கச் சிரித்தாள். எனக்குக் கோபம் வந்தது, செத்துக் கிடக்கிற பம்புக்குப் பக்கத்தில் படுத்துக்கொண்டு யாராவது சிரிப்பார்களா?

"உங்க சித்தப்பா எப்பவுமே இப்படித்தானா?" என்று கேட்டாள்.

நல்லவர்தான், முடிதான் கொஞ்சம் போய்விட்டது என்றேன். அதற்கும் சிரித்தாள். கன்னத்தில் கிரீஸோடு வெளியே வந்தாள், ஒரு போல்ட்டைக்கூடத் திருப்பவில்லை. தூங்கி எழுந்த அவள் அப்பா ஏதாவது தெரிந்ததா என்று கேட்டபோது, "நீங்க சொன்னா சரிதாம்பா" என்று சொல்லிவிட்டு உள்ளே போனாள்.

இதையும் அத்தையிடம் சொன்னேன். அந்த அக்கா பார்த்தாள், சிரித்தாள், ஒன்றும் செய்யாமல் வந்துவிட்டாள், அப்பாவிடமும் ஒன்றும் சொல்லவில்லை. இவளுக்கு ஒயரிங் தெரியும் என்றதெல்லாம் சும்மா பீற்றல் என்று என் கருத்தையும் சேர்த்துக்கொண்டேன். அத்தை "ம்" என்றாள். அவளுடைய 'ம்'களில் அது கொஞ்சம் நீளமான 'ம்'.

அன்று மாலைதான் தண்ணீர்க் குழாய் விஷயம் பேச்சில் வந்தது. டெய்ரி ஃபார்மில் எங்கள் வரிசைக்குத் தண்ணீர் ஒருநாள் விட்டு ஒருநாள் வரும். பக்கத்து வீட்டுக்காரி ஹோஸ் பைப்பை முதலில் செருகிக்கொண்டு எடுக்கவே மாட்டாள். அத்தை தீவுக்கு வந்து எத்தனையோ வருடம் ஆகியும் அவளுக்கு இந்தி தண்ணீருக்கு 'பானி', என்னுடையது என்பதற்கு 'மேரா' என்ற இரண்டு சொல்லைத் தாண்டவில்லை. நெஞ்சு நிறையக் கோபம், வாயில் இரண்டே வார்த்தை. இதுதான் அத்தையின் வாழ்க்கையிலேயே பெரிய துயரம், அவளே சொன்னாள். அந்த அக்கா அம்மிக்கு எதிரில் சம்மணம் போட்டு உட்கார்ந்து, மரியாதையும் குறையாமல் காரமும் குறையாமல் ஒரு வாக்கியம் அமைத்துக் கொடுத்தாள். "பஹலே மேரா நம்பர் ஹை, ஆப் பாத் மே ஆயியே." முதலில் என் முறை, நீங்கள் பிறகு வாருங்கள். அத்தை தேங்காய் அரைத்துக்கொண்டே அதைச் சொல்லிப் பழகினாள். 'ஆயியே' வாயில் நுழையவில்லை, 'ஐயய்யே' என்று வந்தது. அந்த அக்கா விழுந்து விழுந்து சிரித்தாள். அத்தையும் சிரித்தாள். பிறகு இரண்டு பேரும் பக்கத்து வீட்டுக்காரி என்னென்ன பதில் சொல்வாள், அதற்கு என்னென்ன பதிலடி என்று பேசிக்கொண்டே போனார்கள். முற்றத்தில் சித்தப்பா ஓடாத லாரியைத் துடைத்துக்கொண்டிருந்தார். ஒரே இடத்தைத்தான் துடைத்தார்.

அடுத்த நாள் காலை இட்லி. எல்லோரும் வரிசையாக உட்கார்ந்திருந்தோம். பேட்டரிக்கடைக்காரர் கப்பலைப் பற்றி மறுபடி ஆரம்பித்தார். அத்தை கையைக் காட்டி நிறுத்தினாள்.

"வீட்டுக்குப் போய்ச் சொல்லி அனுப்புறதுன்னா லாரி ஓடணும் அண்ணே. இது எப்ப ஓடுமோ. அதனால இங்கயே சொல்லிடறேன். எங்களுக்குப் பொண்ணைப் பிடிச்சிருக்கு."

சட்னிக் கிண்ணம் கவிழ்ந்தது. யார் கவிழ்த்தது என்று தெரியவில்லை. சமையல்கட்டில் பாத்திரம் கழுவுகிற சத்தம் நின்றது. பெண்ணின் அம்மா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு அழுதாள். நான் சித்தப்பாவைப் பார்த்தேன். அவர் இட்லியைப் பிட்டபடியே இருந்தார், ஆனால் காது இரண்டும் சிவந்துவிட்டன. அத்தை அவர் பக்கம் திரும்பாமலே, "இட்லியைத் தின்னுட்டு இன்னொரு தரம் அந்த பம்பைப் பாருப்பா, ஒருவேளை உசிரு இருந்தாலும் இருக்கும்" என்றாள்.

சித்தப்பா கையைக்கூடச் சரியாகக் கழுவவில்லை. லாரிக்கு அடியில் போனவர் நான் செருப்பை மாட்டுவதற்குள் வெளியே வந்துவிட்டார். சாவியைத் திருப்பினார். 'ம்ம்ம்.' நான் முற்றத்தில் குதித்தேன். செல்ஃப் அடித்ததும் இன்ஜின் பிடித்து, பேட்டரிக்கடை ஷட்டரே அதிர்ந்தது. பேட்டரிக்கடைக்காரர் அசரவில்லை. இரண்டு நாள் ஓய்வு கொடுத்ததில் பம்ப் சூடு தணிந்து உயிர் பெற்றுவிட்டது, ஆனாலும் அது போன பம்ப்தான், மாற்றிவிடுங்கள் மாப்பிள்ளை என்றார். அந்தப் பம்ப் அதற்குப் பிறகு பல வருடம் ஓடியது. இன்றும் அவர் அதையேதான் சொல்கிறார்.

அங்கே நடந்ததை எனக்கு விளக்கிச் சொன்னது சித்தி. அந்த அக்காதான் சித்தியாகிவிட்டாள். நான் பன்னிரண்டாம் வகுப்பில் மின்சாரப் பாடத்தோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தபோது மாவு பிசைந்துகொண்டே சொன்னாள். போன கரண்ட் திரும்பி வர வழி வேண்டும். பம்பிலிருந்து திரும்புகிற எர்த் ஒயரை சேஸிஸில் ஒரு போல்ட் பிடித்துக்கொண்டிருக்கும். அதைத் தளர்த்திவிட்டால் கரண்ட் பம்ப் வரைக்கும் வரும், திரும்ப வழியில்லாமல் நிற்கும், பம்ப் ஓடாது. சித்தியின் அப்பா கிளிப்பை பேட்டரியில் மாட்டியதால் விளக்குக்கு மட்டும் திரும்பும் வழி கிடைத்துவிட்டது, அது எரிந்து அவரை ஏமாற்றியது. கிளிப்பை பம்பின் எர்த் ஒயரிலேயே மாட்டிப் பார்த்திருந்தால் விளக்கு எரிந்திருக்காது, குட்டு வெளிப்பட்டிருக்கும். போல்ட் முழுக்க ஜெட்டியில் உப்புத் தண்ணீர் பட்டுத் துரு, தலையில் மட்டும் ஸ்பேனர் பட்ட இடம் புத்தம் புதிதாக மின்னியதாம். யார் தளர்த்தியது, எதற்குத் தளர்த்தியது என்பதைப் படுத்த வாக்கிலேயே புரிந்துகொண்டாளாம். "எவனும் எனக்கு அப்படியொரு லெட்டர் எழுதினதில்ல" என்று சித்தி மாவுக் கையால் முகத்தை மூடிக்கொண்டு சிரித்தாள்.

ஆனால் அன்றைக்கு எனக்கு இதெல்லாம் எங்கே தெரியும்? முருகன் ஒற்றைக் கொலுசுக்கு இரங்கிவிட்டார் என்றுதான் நினைத்தேன். கிளம்பும்போது அந்த அக்கா என் பின்னலைப் பிடித்து ஓர் இழுப்பு இழுத்தாள். முறுக்கு ஒரு டப்பா கொடுத்தார்கள். ஜெட்டியில் லாரி படகில் ஏறியதும் சித்தப்பா இறங்கிப் போய், கம்பியைப் பிடித்துக்கொண்டு தண்ணீரைப் பார்த்து நின்றார். தனியாகச் சிரித்துக்கொண்டிருந்தார். அத்தை சீட்டிலேயே உட்கார்ந்து அவர் முதுகையே பார்த்துக்கொண்டிருந்தாள். மூக்கை உறிஞ்சினாள். டீசல் புகை ஆகவில்லை போலிருக்கிறது என்று நான் கண்ணாடியை ஏற்றிவிட்டேன்.

"சின்னதுல ஒரு மிட்டாய்கூட வேணும்னு என்கிட்ட கேட்டதில்ல இவன்" என்றாள். "குடுத்தா வாங்கிக்குவான், குடுக்கலைன்னா பேசாமப் போயிடுவான். நானும் இவனுக்கு எதுவும் வேணாம் போலிருக்குன்னே இருந்துட்டேன். இப்பத்தான் முதல் தடவையா கேட்டிருக்கான்."

எப்போது கேட்டார் என்றேன். ரங்கத்தில்தான் என்றாள்.

நான் முறுக்கைக் கடித்துக்கொண்டு யோசித்துப் பார்த்தேன். ரங்கத்தில் இருந்த நேரமெல்லாம் என் கண் சித்தப்பா மேல்தான் இருந்தது, அதுதானே என் வேலை. அவர் ஒருநாள் இன்னொரு கரண்டி சாம்பார் கேட்டார், அதுவும் பெண்ணின் அம்மாவிடம். அத்தையிடம் வாயே திறக்கவில்லை. வீட்டுக்கு வந்ததும் அம்மாவைத் தனியாகக் கூப்பிட்டு விஷயத்தைச் சொன்னேன். அத்தைக்கு வயதாகிவிட்டது, நடக்காததையெல்லாம் நடந்ததாகச் சொல்கிறாள், இனிமேல் பெண் பார்க்க அனுப்பும்போது என்னைத் தனியாகவே அனுப்பிவிடலாம் என்று.